இரண்டிலிருந்து எட்டு

இன்றிரவு இருபத்திரண்டு டிகிரி என்கிறது வானொலி.
எதிர்வீட்டுக் குழந்தைக்குக் குரங்குக் குல்லாய் வந்துவிட்டது,
பால்காரர் காதில் மப்ளர்.
வியாசர்பாடிக்கு இதுதான் குளிர்.

மொட்டை மாடியில் தொட்டிகளை எண்ணுகிறேன்.
அடினியத்துக்குத் தண்ணீரை நிறுத்தியாயிற்று,
கொழுத்த காலை மடக்கிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.
தட்டுத் தொட்டியில் ஆலமரம், என் முழங்கை உயரம்.
அதற்குப் பனி பயமில்லை, காற்றுதான்.
போன வருடப் புயல் அதைத் தூக்கிப்போய்
பக்கத்து மாடி டிஷ் ஆன்டெனாவில் உட்காரவைத்தது.
இந்த முறை அடித்துளை வழியே செம்புக் கம்பி,
ஒரு பக்கம் அரைச் செங்கல்,
தொட்டி லேசாகச் சாய்ந்திருக்கட்டும்.
பெய்வது இறங்கிப்போக ஒரு திசை வேண்டும்.

புத்தகம் எழுதியவருக்கு வேறு கவலைகள்.
உறைபனிக்கு முன் தொட்டியை வைக்கோலால் சுற்றுக என்கிறார்.
வேர் உறைந்தால் மண்சட்டி வெடிக்கும் என்கிறார்.
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
போக முடியாத ஊரின்
ரயில் நேரங்களைப் படிப்பதுபோல.

சிக்கல் மேப்பிள்தான்.
ஊட்டியில் நானூறு ரூபாய்க்கு வாங்கி
மடியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தது.
மூன்று வருடமாக இலை உதிர்க்கவில்லை.
ஓரம் கருகி நடு பச்சையாய்,
வராத வண்டிக்கு
விடிய விடிய பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம்.
ஏழு டிகிரிக்குக் கீழே எழுபது நாள்
தூங்க வேண்டுமாம் அதற்கு.

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அந்தக் குளிர் ஒன்றுண்டு.
தடுப்பூசிக் கிடங்கு, இரவுப் பணி.
இரண்டிலிருந்து எட்டு.
மேலே போனாலும் அலாரம், கீழே போனாலும் அலாரம்.
சித்திரை மாதப் பேருந்தில்
ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு போகிற ஒரே ஆள் நான்.
ஒரு சாண் இடம், பெட்டிகளுக்குப் பின்னால்,
யாருக்குத் தெரியப்போகிறது என்று
பலமுறை நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.
அங்கே இருப்பவை பிள்ளைகளுக்கானவை.

பெரம்பூரில் மூடிப்போன ஜூஸ் கடை,
கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்,
பேரம் பேசி மூவாயிரத்து இருநூறு.
மாடிக்குச் சுமந்துவந்த லூர்துராஜ் கேட்டார்:
"இன்னாமா வெக்கப் போற?"
"மரம்."
மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார்.
"பச்சையா, காஞ்சதா?"
அதுவரை யாரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

பல்பைக் கழற்றினேன்.
கண்ணாடிக்கு உள்ளே பழைய கறுப்புத் துப்பட்டா.
உதிர்க்க மறந்துபோயிருந்த இலைகளை
நானே கிள்ளினேன், அறுபத்து மூன்று.
ஈரச் சாக்கில் தொட்டியைப் பொதிந்து உள்ளே வைத்து
வேலையிடத்துப் பழக்கத்தில்
காலை ஒரு முறை மாலை ஒரு முறை
நோட்டில் எழுதினேன்:
ஆறு. ஆறு. ஐந்து. ஆறு.

புயல் வந்தது.
ஆலமரம் நின்றது, கரண்ட் நிற்கவில்லை.
பதினொன்று. பதினான்கு.
இரண்டாம் நாள் விடியலில்
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியை உருட்டிக் காசிமேடு போனேன்.
மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளம்,
இரு கால்களுக்கு நடுவே உருகிக்கொண்டே வந்தது.
"மீன் எங்கம்மா?" என்றாள் ஐஸ் விற்றவள்.
சொல்லத் தோன்றவில்லை.
அன்றிலிருந்து என் பனிக்காலத்துக்கு
வஞ்சிர வாசனை.

தை கடைசியில் ஒரு காலை.
ஷிஃப்ட் முடிந்து, ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல்
கதவைத் திறந்தேன்.
குச்சி. வெறும் குச்சி.
சுண்டுவிரல் நகத்தால் பட்டையைக் கீறினேன்.
உள்ளே பச்சைபோல் இருந்தது.
துப்பட்டா வழியாக வந்த வெளிச்சமாகவும் இருக்கலாம்.
மொட்டு ஒன்றுமில்லை.
நோட்டுப்படி இன்னும் பதினோரு நாள் பாக்கி.

மூடினேன்.
கீழே யாரோ இட்லிக்கு விசில் வைத்தார்கள்,
பள்ளி வேன் ஹாரன், பேப்பர்க்காரர்.
அலாரம் வைக்காமல்
நானும் படுத்தேன்.