மூன்றெழுத்து

ரோலாவில், துணிக்கடைகளுக்கு மேல் மாடியில்
ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரியும் இருக்கை ஒன்று இருந்தது.
ஒரு திர்ஹம் டோக்கன். மூன்று தடங்கள்:
பாலைவனம், காடு, மலை.
பாலைவனத்தை யாரும் எடுப்பதில்லை.
வெளியே போனால் இலவசம்.

நான் காடு.
பழைய உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவளுக்கு
பின் ஆக்சிலின் விலை தெரியும்,
நானூற்றைம்பது, பேரம் பேசினால் முந்நூற்றெண்பது.
ஈரச் சேற்றில் அது வழுக்குவது எப்படியென்று
தெரிய வேண்டாமா?

வலப்பக்கம் இல்லாத ஒருவன் வழி சொல்வான்.
லேசாக இடது. நீண்ட வலது. கவனம்.
ஒருபோதும் சலித்துக்கொண்டதில்லை.

புதன்கிழமைகளில் வலப்பக்கம்
நிஜமாகவே ஒருத்தி உட்காருவாள், சீருடையில், மடியில் கோப்போடு.
யமீன், என்பாள். யசார், என்பாள்.
ரவுண்டபவுட்டில் நான் தயங்குவேன்.
பின்னால் ஹார்ன்.
அவள் பேனாவை மூடுவாள்.
ஆறு தடவை.
ஒவ்வொரு தடவைக்கும் புதிதாகப் பணம் கட்டி
எட்டு வகுப்பு.

வியாழன் இரவு டோக்கன் போட்டால்
தயக்கம் எங்கே போகும் என்று தெரியாது.

ஓட்டி முடித்ததும் இயந்திரம் பெயர் கேட்கும்.
பெர்பெத்துவா மரிய ஃபெர்னாண்டோ,
விசாத் தாளில் கட்டம் போதாமல்
அடுத்த வரிக்கு இறங்கிய பெயர்,
பி, இ, ஆர் என்று அடங்கும்.
எனக்கு மேலே எப்போதும்
இசட், யூ, பி.

நான் நெருங்கினால் அடுத்த வாரம்
அரை விநாடி தள்ளிப் போயிருக்கும்.
சுபைரா, சுபைதாவா, எந்த ஷிஃப்ட்?
ஒருமுறை ஸ்டியரிங்கில் வியர்வை காயவில்லை,
ஷவர்மாப் பூண்டு வாசம்.
திரும்பிப் பார்த்தேன்.
எஸ்கலேட்டரில் முப்பது முதுகுகள்.

ரமலானுக்கு முன் மாடியைக் கடைகளாகப் பிரித்தார்கள்.
இருக்கை நின்ற இடத்தில் அபாயாக்கள் தொங்கின.

சூப்பர்மார்க்கெட் கண்ணாடியில் ஒரு தாள்:
நாட்டைவிட்டுப் போகிறோம்.
கட்டில், ஃப்ரிட்ஜ், தையல் மெஷின்,
கார் கேம், வீட்டு மாடல்.
நான் போனபோது வாட்ச்மேன்தான் எடுத்துக்கொடுத்தான்.
எண்பது திர்ஹம்.
அவர்கள் நேற்றே போய்விட்டார்களாம்.

நான்கு கட்டிலுக்கு ஒரு டிவி.
ஃபிலோமி அக்கா நைட் டியூட்டிக்குப் போனதும்
வயரைச் செருகினேன்.
அதே காடுதான்.
ஆனால் மரங்கள் நான் கிட்டே போனபிறகு
அவசர அவசரமாக முளைத்தன.
மலைக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்து
எழுந்து நின்றது.
சேறு கையை உதறவில்லை.
கட்டை விரலால் கார் ஓட்டுவது
தந்தி அடிப்பது போலிருந்தது.
வழி சொல்கிறவன் மட்டும் அதே ஆள்,
கொஞ்சம் மூக்கடைத்து.

நேரப் பட்டியலைத் திறந்தேன்.
இசட், யூ, பி.
இசட், யூ, பி.
பத்து வரியும்.
பாலைவனத்தில்கூட.
தன்னையே துரத்திக்கொண்டிருந்திருக்கிறது
அந்த வீட்டில் ஓர் ஆள்.

சில நாள் அது தேதியை மறந்து என்னைக் கேட்கும்.
உள்ளே காசளவு பேட்டரி, சாகக் கிடக்கிறது.
மாற்றப் பத்து திர்ஹம், என்றான் ரிப்பேர்க்காரப் பையன்,
'ஆனா சேவ் ஆனதெல்லாம் போயிரும் சேச்சி.'
கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
காட்டின் பத்து நேரங்களையும் எழுதினேன்.
வரவா செலவா,
தலைப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு
ஷார்ஜா முழுக்க மழை.
நூறில் ஏழு விநாடியில் முந்தினேன்.
பி, இ, ஆர்.
அதற்குக் கீழே, இடித்துக்கொண்டு, அந்த மூன்றெழுத்து.
கத்த முடியாது. இரண்டு பேர் தூங்குகிறார்கள்.
சுவிட்சை அணைக்காமல் படுத்தேன்.

காலையில் ஏழாவது தடவை.
யமீன், என்றாள்.
இடமிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது.
யாரோ. போகட்டும் என்று விட்டு
நுழைந்தேன்.
தேங்கிய தண்ணீரில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது.
இவ்வளவுதானா, என்றிருந்தது.