நிழல் பார்த்து நிறுத்துகிறவன்

பொலன்னறுவையை எனக்குப்
பத்து வருடமாகத் தெரியும்,
வேன் நிறுத்தும் இடங்களாக.
மியூசியத்துக்குப் பின்னால் ஒரு மருதமரம்,
பதினொரு மணிவரை அதன் நிழல் எனக்குச் சொந்தம்.
கல்விகாரையில் கச்சான் விற்பவளின் குடைக்குப் பக்கம்.
அரண்மனை என்றால் வெயில்.
ஏழு மாடி இருந்ததாம், இப்போது சுவர்கள்தான்.
அரச சுவர்களின் நிழல்
வாகனங்கள் வரைக்கும் எட்டுவதில்லை.

இந்த முறை பாணந்துறையிலிருந்து பதினொரு பேர்.
வெள்ளை உடுப்பு. தாமரை மொட்டுகளை
ஏசிக் காற்று படும்படி முன்சீட்டில் கிடத்தி
பெல்ட்டும் போட்டுவிட்டார்கள்.
கணக்கு டீச்சர் இந்திராணி
எல்லாப் படிக்கட்டுகளையும் எண்ணிக்கொண்டு வந்தார்.
படுத்திருக்கும் புத்தரின் கல் தலையணையில்
தலைப் பாரத்துக்குப் பள்ளம் செதுக்கியிருக்கிறார்கள் என்று
எனக்கு வந்து சொன்னார்.
நான் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன்.
அவர் போனபின் எழும்பிப் பார்த்தேன்:
என்னுடையதிலும்.

மறுநாள் ஹபரணை, கந்தளாய், பிறகு என் ஊர்.
என் ஒழுங்கை முகப்பைக் கடக்கையில்
ஹாரனை மெல்லத் தொட்டேன்.
மகளுக்குக் கேட்டதோ தெரியாது.
பின்சீட்டில் யாரோ பிரித் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

பெரியகுளத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு பலகை.
மேலே எந்த மொழி, கீழே எது,
எழுத்து எவ்வளவு பெரிசு,
இங்கே பிறந்தவனின் கண்
முதலில் அதைத்தான் அளக்கும்.
நாங்கள் நாதனார் கோயில் என்போம்.
அவர்களுக்கு வெல்கம் விகாரை.
கல்லில் கிடப்பது மூன்றாவது பெயர், இராசராசப் பெரும்பள்ளி.
எந்தப் பெயரோடு வந்தாலும்
வேனுக்குப் பாலை மரத்தடிதான்.

அன்றைக்கு டீச்சர் கண்ணாடியைத் தட்டினார்.
"மல்லி, அங்கே உங்கட எழுத்து. வந்து வாசிங்க."

ஓ.எல்லில் தமிழுக்கு 'சீ' எடுத்தவன் நான்.
செருப்பைக் கழற்றினேன்.
பொழுது சாய்ந்தும் செங்கல்லில் சூடு இருந்தது.
நின்ற புத்தரைக் கும்பிடுவதா, பார்ப்பதா என்று
கை ஒரு கணம் யோசித்தது,
பிறகு அதுவாகவே கூடிக்கொண்டது.

கல்லில் எதுவும் தெரியவில்லை.
"நேரே அடிக்காதீங்க, பக்கத்திலிருந்து" என்றார் டீச்சர்.
போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தேன். ஒன்பது சதவீதம்.
கல்லுக்குள்ளிருந்து எழுத்துகள்
மேலே மிதந்து வந்தன.
ஒரு ப. ஒரு ட. திரும்பவும் ப.
புள்ளி ஒன்றுமே இல்லை,
யாரோ கோழிக்குத் தீனியாகப்
பொறுக்கிக்கொண்டு போனதுபோல.
எழுத்துத் தெரிந்தது. சொல் சேரவில்லை.
பதினொரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

தமிழ்ப் பெயர்க்காரர் சிலர்
இந்தப் பள்ளிக்கு அணையா விளக்கு வைத்து
நெய்க்குப் பசுக்களும் விட்டிருக்கிறார்கள் என்று
வரும் வழியில் டீச்சரே சொல்லியிருந்தார்,
கொப்பியைப் பார்த்து.
அதையே திருப்பிச் சொன்னேன், வாசிப்பதுபோல.
"விளக்கு. பசு."
அவருக்கு விளங்கியிருக்கும்.
ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது கேட்டார்,
உங்களுக்கு இங்கே வயல் இருக்கா?
மச்சானுக்குத் திரியாய்ப் பக்கம் இருந்தது என்றேன்.
இருக்கிறதற்கும் இருந்ததற்கும் நடுவில்
என் சிங்களம் தடுக்கியது.
அவர் திருத்தவில்லை.
எல்லைக் கல்லைப் பற்றி நான் தொடங்கவில்லை.
வாடிய மொட்டு ஒன்றை மட்டும்
டாஷ்போர்டில் வைத்துவிட்டு ஏறினார்.

இரவே பாணந்துறைக்குத் திரும்ப வேண்டும்.
கந்தளாய் தாண்டியதும் எல்லோரும் உறக்கம்.
போன் எப்போதோ செத்துவிட்டது.
வளைவில் பிரேக்கை மிதித்தேன்:
தார்ச்சூட்டுக்கு ரோட்டை நிறைத்துப்
படுத்துக் கிடந்தன மாடுகள்.
முப்பது, நாற்பது, இன்னும் பின்னால்.
வெளிச்சம் பட்டதும்
ஒவ்வொரு கண்ணும் பற்றிக்கொண்டது.
ஹாரனில் கை வைத்தேன்,
அடிக்கவில்லை.
யாருடைய மாடு என்று கேட்க
அந்த நேரத்தில் ஒருவரும் இல்லை.
லைட்டைத் தாழ்த்திவிட்டு
எஞ்சினை நிறுத்தினேன்.