நீல விளக்கில் பித்தம் சிவப்பு

வவுணதீவுக்கு அப்பாலிருந்து
முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.
அருளம்பலம். அறுபத்தொன்று. வட்டவிதானை.
ஒப்பமிடச் சொன்னேன்.
"வாய்க்கால் வழக்கெண்டா வாசிக்காமலே வைப்பன்,
இதை ஒருக்கா வாசிங்க மகள்."
வாசித்தேன்:
இரத்தம் போகலாம், கணையம் வீங்கலாம்,
மிக அரிதாக—
கையை உயர்த்தினார். போதும்.

மூன்று மாதச் செங்கமாரி.
கீழ்காய்நெல்லி குடித்தும் உப்பை விட்டும்
தலையணை உறை மஞ்சளிப்பது நிற்கவில்லை.
சாரத்துக்கு மேல் கட்டும் பச்சைப் பெல்ட்டில்
புதிதாக மூன்று ஓட்டை,
ஆணியைக் காய்ச்சிக் குத்தியவை.

ஏற்கெனவே இரண்டுமுறை
பித்தக் குழாய்க்குள் தூரிகை விட்டுச் சுரண்டினோம்.
இரண்டுமுறையும் அறிக்கை ஒன்றே:
உறுதியாகச் சொல்வதற்கில்லை.
அதை அவர் மனைவிக்கு நான்தான் சொன்னேன்.
"அப்ப ஒண்டுமில்லையா கா?"
இல்லை என்றும் இல்லை, அக்கா.
இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று
தாதியர் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

மயக்க ஊசிக்கு முன் கேட்டார்:
"ஆத்துவாய் வெட்டுறமாதிரித்தானே இதுவும்?
மாரிக்கு வயலெல்லாம் தாண்டு கிடக்கும்,
கச்சேரி வாசலில போய் நிற்பம்.
மறுகா முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவாங்க.
சுறுக்கா வெட்டிப்போடாதீங்க,
மீன்பிடிகாரரையும் ஒருக்கா கேளுங்க."
தன் பகிடிக்குத் தானே சிரித்து
பாதிச் சிரிப்பில் உறங்கிப்போனார்.

ஈயக் கவசத்தின் பாரம் தோளில்.
தொண்டை, இரைப்பை, குடலின் முதல் வளைவு,
அங்கே ஒரு சிறு முலைக்காம்பு,
அதன் துளைக்குள் பென்சிலிலும் மெல்லிய கமரா.
வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணம்:
இளஞ்சிவப்புச் சுவர்,
போகப்போக ஒடுக்கம்,
மழுமழுவென்று, யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஒடுக்கம்.

"லைட்டை மாத்துங்க" என்றா டொக்டர் ஹஸ்மியா.
பட்டனை அழுத்தினேன்.
திரை நீலமும் பச்சையுமாய்ப் புரண்டது,
புரண்ட கையோடு எங்கும் சிவப்பு.
வந்த புதிதில் ஒருநாள்
"ரத்தம்!" என்று கத்தியிருக்கிறேன்.
இந்த ஒளியில் பித்தம் அப்படித்தான்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்;
இந்தக் கண்ணுக்கு
மஞ்சளே சிவப்பு.

உப்புநீர் ஏற்றினேன்.
இன்னுமொரு சிரிஞ்ச். இன்னுமொன்று.
சிவப்பு கலைந்து சுவர் தெரிந்தது.

சுவரில் அவை.
தடித்து, மெலிந்து, தம்மையே சுற்றி,
எங்கேயோ அறுந்து, எங்கிருந்தோ தொடங்கி,
கபில நிற நரம்புகள்.
கூட்டம் வைத்துக் கயிறு பிடித்து
அளந்து வெட்டிய வாய்க்கால்கள் அல்ல.
இரவில் வரம்பை உடைத்து
அடுத்தவன் தண்ணீரைத் தன் பூமிக்கு
இழுப்பவன் வெட்டியவை.
வெள்ளை வெளிச்சத்தில் இவை இருந்தன.
இருந்துகொண்டுதான் இருந்தன.

டொக்டர் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "திறங்க. மூடுங்க."
என் விரல்களுக்குள் ஒரு சின்ன வாய் கடித்தது.
குறுணலிலும் பாதி.
ஆறு துண்டு, ஒரு போத்தல், ஒரு லேபிள்.
கடைசியில் குழல் வைத்தோம்.
அடைந்து கிடந்தது கறுத்த பச்சையாய்ப் பாய்ந்தது.
விளக்கை வெள்ளைக்கு மாற்றியபோது
எல்லாம் மறுபடி சாதாரணம்.

கண் விழித்துக் கேட்டார்:
"வெட்டியாச்சா?"
வெட்டியாச்சு. தண்ணி ஓடுது.
"மறுகா? உள்ளுக்கு என்ன கண்டீங்க?"
துண்டு கொழும்புக்குப் போகுது,
மறுமொழி வர ரெண்டு கிழமை,
டொக்டர் சொல்லுவா.

நீர் திருடினவனை
அவன் முகத்தில் வைத்தே முப்பது போகம் பிடித்தவர்
என் முகத்தைப் பார்த்தார்.
முகக்கவசத்தை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"அந்தப் பெல்ட்டை எடுத்துத் தாங்க மகள்."
கொடுத்தேன்.
கடைசி ஓட்டையில் மாட்டிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான் ஸ்கோப் கழுவப் போனேன்.
மருந்துத் தண்ணீரில்
அது இருபது நிமிடம் ஊறவேண்டும்.