உயிர்ச் சான்று

தூதரகத்துக்கு எதிரே வாதாமரத்தடியில்
மடக்கு மேசை போட்டுப் படிவம் எழுதுகிறவன் நான்.
படிவம் பதினைந்து ரூபாய்.
கைநாட்டு வைப்பவர்களுக்கு மை இலவசம்.

ஜனவரி தோறும் வருவார்
சொல்தா ரெமி சவரிநாதன்,
இன்னும் சாகவில்லை என்று
பாரீசுக்குத் தெரிவிக்க.

பிறந்த ஊர்: நெல்லித்தோப்பு.
தொழில்?
"ஜாஸ்."
ஓய்வுபெற்ற சிப்பாய், என்று எழுதுவேன்.
பதினோரு வருடமாக இதே சண்டை.

"துப்பாக்கியைத் துடைச்சதோட சரி," என்பார்.
சைகோனில், ராணுவ பாண்டில், இரண்டாம் வரிசை கிளாரினெட்.
பகலெல்லாம் இடது வலது இடது வலது.
ராத்திரியில் ஒரு மார்த்தினிக் தீவுக்காரன்
காலி பெட்ரோல் டின்னைத் தட்டிக்கொண்டே
இடதுக்கும் வலதுக்கும் நடுவில்
இன்னொரு அடி இருப்பதைக் காட்டினானாம்.
"அங்க கால் வச்சேன் தம்பி,
அப்புறம் அணிவகுப்புல நேரா நடக்கவே வரல."

ஊர் திரும்பி
கடற்கரை ஹோட்டலில் சனிக்கிழமைகள்.
மேசைக்கு மேசை சீட்டு வரும்: சினிமாப் பாட்டு.
பல்லவியை ஒழுங்காக வாசிப்பார்.
சரணத்தில் வழி தப்பி
உப்பாறு, பெரிய மார்க்கெட் மீன் வரிசை,
புயலில் உடைந்த பாலம் எல்லாம் சுற்றிவிட்டு
கடைசி வரிக்கு வந்து சேர்ந்தபோது
முதலாளி கணக்கை முடித்து வைத்திருந்தார்.

அப்புறம் கல்யாணம், புதுநன்மை, சவ ஊர்வலம்.
ஒருமுறை இவர் இழுத்த இழுப்பில்
தூக்கிப்போனவர்களுக்குக் கால் மாறி
பெட்டி ஆடிவிட்டது.
செத்தவரின் தம்பி பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

இசைத்தட்டு எதுவும் இல்லை.
யார் வீட்டு ஞானஸ்நானத்திலோ பிடித்த ஒரே ஒரு டேப்.
அவர் உச்சத்துக்கு ஏறும் இடத்தில்
ஒரு பெண் குரல் கேட்கிறது:
"பிரியாணி போதுமா, இன்னும் வைக்கட்டுமா?"
அந்தக் குரலுக்குத்தான் அடுத்த நாலு நிமிடமும்
பதில் வாசிக்கிறார்.

இந்த வருடம் கீழ்ப்பல் வரிசை போய்விட்டது.
உப்புக்காற்று கிளாரினெட்டின் சாவிகளைத் தின்கிறது.
தொழில்? என்றேன்.
பேசவில்லை.
மேசை விளிம்பில் நாலு விரல் மட்டும்
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.
என் பேனா எங்கோ ஒரு அடி தவறி
"அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" கட்டத்துக்குள்
கொட்டைப்பாக்கு அளவுக்கு மை.

மை பட்ட படிவம் செல்லாது.
என் தப்புதான், காசு வேண்டாம் என்று
இன்னொன்றை உருவினேன்.
"தப்புன்னு சொல்லாத," என்றார் பொக்கைவாயால்.
"திரும்ப அதையே பண்ணு. சரியாப் போயிடும்."

உள்ளே
நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.