பத்துக்கு எட்டு

லாரன்ஸ் ரோட்டில் மூன்றாவது ஃப்ளெக்ஸ் கடை என்னுடையது.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு,
எல்லாவற்றுக்கும் ஒரே மை.
போன மாசியில் திருமாறனை அடித்தேன், நாற்பது பலகை.
மஞ்சக்குப்பம் மைதானம் தொடங்கி சில்வர் பீச் வரை
கம்பத்துக்குக் கம்பம் சிரித்தான்.

'தேசிய சாம்பியன்! கடலூரின் புயலே!'
வாசகம் நான் போட்டதுதான்.
(புயல் என்றால் இந்த ஊரில் யாரும் கைதட்ட மாட்டார்கள்,
அது அப்போது தோன்றவில்லை.)
கார் படம் சிறியது, இழுத்துப் பெரிதாக்கினேன்.
கோப்பையை வேறெவர் கையிலிருந்தோ வெட்டி
அவன் கையில் ஒட்டினேன்.
முந்தின நாள் அவனே கடைக்கு வந்திருந்தான்.
"அண்ணே, கன்னத்துத் தழும்பை மட்டும் எடுத்துடாதீங்க.
மொத வண்டி உருண்டப்ப வந்தது."
சரி தம்பி என்றேன்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பழக்கத்தில்
எடுத்துவிட்டேன்.

டவுன்ஹாலில் பாராட்டு விழா. பதினேழு பொன்னாடை.
பண்ருட்டி முந்திரி முதலாளி முன்வரிசையில்,
அவர் பெயர் இவன் சட்டை முதுகில்.
ஒரு காலேஜ் பெண் எழுந்து கேட்டாள்:
"கடைசிச் சுற்றில் கோயம்புத்தூர்க்காரர் வண்டியைத்
தட்டினீங்களே, தெரியாமலா?"
பந்தயத்தில் நடப்பதுதான் என்று
நடுவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.
மைக் ஒருமுறை கூவியது.
"பார்த்தேன். பிரேக் பிடிக்க இடம் இருந்தது.
பிடிக்கல."

பொழுது சாய்வதற்குள் ஊரே நடுவராகிவிட்டது.
டீக்கடையில் பன் ஜாடிமேல் செல்போனைச் சாய்த்து
அந்த இரண்டு விநாடியை இருபது நிமிடம் பார்த்தார்கள்.
"நிறுத்து, நிறுத்து, இங்க பாரு, திருப்புறான்."
"மூஞ்சியிலயே இருக்கு, நான் அப்பவே சொன்னேன்."
சொன்னவர் கெடிலம் பாலத்தில்
தினமும் எதிர்த்திசையில் வருகிறவர்.
அவர் ஹெல்மெட் பெட்ரோல் டேங்குக்குத்தான்.
ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லையே,
அங்கேதான் எனக்குச் சிக்கல்.
அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் மணிக்கட்டில் மூன்று திருகாணி.
அவன் ஊரிலும் ஒரு கடையில்
அடிக்காமலே போனது நாற்பது பலகை.

நாலு வருஷம் முன்பு பாண்டிக்காரர் ஒருவர்
இதே மாதிரி தட்டினார்.
கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்.
அத்தோடு முடிந்தது.
பள்ளி ஆண்டுவிழா எதுவானாலும்
சிறப்பு விருந்தினர் இன்றைக்கும் அவர்தான்.
அவருக்கும் நான்தான் அடிக்கிறேன்.

பதினொரு மணிக்கு முந்திரி முதலாளி போன்:
"விடியறதுக்குள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாது."
ஏணியோடு இரண்டு பையன்களை அழைத்துப் போனேன்.
அண்ணா பாலத்தருகே ஒருவன் தனியாக நின்று
எங்களைப் பார்த்தான். ஹெல்மெட் கழற்றவில்லை.
அவனாக இருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குப் போர்த்த
பழைய பலகைக்கு எப்போதும் ஆள் உண்டு.
சதுர அடி இரண்டு ரூபாய்க்குப் பேசினாள் நாகவல்லி.
விரித்ததில் முகம் மேலே வந்தது,
வஞ்சிரச் செதில் ஒட்டிய கன்னம்,
வழுவழுவென்று,
யார் வீட்டுப் பிள்ளையோ போல.

முழம் போட்டாள். மறுபடியும் போட்டாள்.
"பத்தடின்னியே, ஒரு சாண் கொறையுது?"

இருபது வருஷமாக ஒரு சாண் குறையத்தான் செய்கிறது.
பத்துக்கு எட்டு என்று பில்,
ஒன்பதேகாலில் கத்திரி.

"ஓரம் மடிச்சதுல போயிருக்கும்மா" என்றேன்.

தலையாட்டிக் காசை எண்ணிக் கொடுத்தாள்.
தள்ளி ஒரு விசைப்படகு டீசலைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.
மைக் எதுவும் கூவவில்லை.