சிப்பக் கணக்கு

கொள்முதல் நிலையத்தில் என் வேலை எண்ணுவது.
நாற்பது கிலோ ஒரு சிப்பம்.
தூற்றும் இயந்திரம் நாளெல்லாம் சுனையைத் துப்பும்.
பொழுது சாய்வதற்குள் புருவம் நரைத்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் வாசலோடு சரி.
சட்டையும் கைலியும் வேலியோரக் கொடியில்.
தைப்பனியில் அடிபம்புத் தண்ணீர்
தலைக்கு மூன்று வாளி.
அப்புறம்தான் கனிஷ்காவைத் தூக்கலாம்.
டாக்டர் சொன்னது பாதி.
மீதி சுகுணா போட்ட சட்டம்.

கொசுவத்தி போயிற்று, சாம்பிராணி போயிற்று,
இலவம்பஞ்சுத் தலையணை போயிற்று.
மோனிஷ் வளர்த்த பூனைக்குட்டியை
வெண்ணாற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் விட்டுவந்தேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை அவன்.
நான்காம் நாள் இரவு விழித்துப் பார்க்கிறேன்,
தங்கச்சியின் விலா உள்வாங்குகிறதா என்று
செல்போன் வெளிச்சத்தில் குனிந்திருக்கிறான்.
பன்னிரண்டு வயது.

"பம்பு அடிச்சா அதுவே பழகிப்போயிடுமாம்ல,
பொம்பளப் புள்ள, வெளிய தெரியாமப் பாத்துக்க"
என்றாள் என் அக்கா.
இரண்டு வருசம் கல்யாண வீடுகளில்
முந்தானைக்குள் வைத்துத்தான் கொடுத்தாள் சுகுணா.
போன ஆவணியில் என்ன தோன்றியதோ
பந்தி நடுவில் எடுத்துக் குலுக்கி
நிதானமாக அடித்தாள்.
அக்கா இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள்.
பாயசம் இன்னும் வரவில்லை.

ஈரம் பதினேழைத் தாண்டினால் நெல்லைத் திருப்புவோம்.
அதற்கு மீட்டர் இருக்கிறது.
இவளுக்கு டாக்டர் காட்டிக்கொடுத்த மீட்டர் வேறு:
ஒரு வாக்கியத்தை உடைக்காமல் சொல்கிறாளா, பாருங்கள்.

அன்றைக்கு இரவு ஒன்றரை மணி.
"அப்பா"
என்றாள்.
"தண்ணி"
என்றாள்.
நடுவில் விசில்.

கரண்டு இல்லை.
கடன் வாங்கி வாங்கிய நெபுலைசர்
மேசைமேல் பொம்மையாகக் கிடந்தது.
நீல மருந்துக்கும் நெஞ்சுக்குழி அடங்கவில்லை.
கொடியில் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு
பைக்கை உதைத்தேன்.
"நான் கதவப் பூட்டிக்கிறேன், போங்க"
என்றான் மோனிஷ்.
அவனிடம் யாரும் கேட்கவில்லை.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.

மன்னார்குடி அந்தப்பக்கம்.
நாங்கள் இந்தப்பக்கம்.
நடுவில் சரக்கு வண்டி, அவசரமே இல்லாமல்.
எந்த நெல் என்று எனக்குத் தெரியும்.
இந்த வாரம் ஏற்றியனுப்பியது.

"சட்டையக் கழட்டுங்க" என்றாள் சுகுணா.
அப்போதுதான் பார்த்தேன்.
கொள்முதல் நிலையச் சட்டை.
அதில்தான் இவ்வளவு தூரமும்
முகம் புதைத்து வந்திருக்கிறாள் பிள்ளை.
சுகுணா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

பனியனோடு நின்றேன்.
முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்,
என்ஜினை அணைத்தார்,
பின்னால் லாரிவரை நடந்துபோய்க் கத்தினார்:
"நிறுத்துய்யா, புள்ளைக்கு மூச்சு!"
ஒவ்வொன்றாக அடங்கின வண்டிகள்.
தண்டவாளச் சத்தமும் இவள் விசிலும் மட்டும்.

குலுக்கு. ஒரு அடி. குழாய்க்குள் ஆறு மூச்சு.
மறுபடி குலுக்கு.
மூச்சைச் சுகுணா எண்ணினாள்.
நான் பெட்டிகளை எண்ணினேன்,
எதையாவது எண்ண வேண்டியிருந்தது.
இருபது. இருபத்தொன்று.
இவள் கழுத்து நரம்பு ஏறுகிறது, இறங்குகிறது.
முப்பத்தெட்டு.

கார்டு பெட்டியின் சிவப்பு விளக்கு
வளைவில் மறைந்தபோது
முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னாள்,
"மொத்தம் நாப்பத்திரண்டு பெட்டிப்பா,
நீங்க நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க."

உடையவில்லை.

இருந்தாலும் காட்டிவிட்டே போவோம் என்றாள் சுகுணா.
கேட் தூக்கினார்கள். ஹாரன்கள்.
சட்டையை எங்கே போட்டேன் என்று தேடும்போது
போன் அடித்தது. மோனிஷ்.
"பேசுறாளா?"

போனை அவளிடம் கொடுத்தேன்.