கைமாற்று

பர்னியில் கடலைப் பார்த்த என் மேசையிலிருந்து
குவீன்ஸ்டவுன் மருத்துவமனைக்கு
மலைவளைவுகளில் இரண்டரை மணி நேரம்.
மாதம் ஒருமுறைதான் போகிறேன்.
மற்ற நாட்களில் என் கைகள்
மெரின் கிளென்னட்டின் தோள்களிலிருந்து தொங்குகின்றன.

முன்பு அவளுக்குச் சால்மன் பண்ணையில் வேலை.
வழுக்கும் மீனைப் பிடித்த பிடிதான்
எழுந்து நிற்கத் தடுமாறுகிறவர்களின்
இடுப்புப் பட்டையில் இப்போது இருக்கிறது.
இறுக்கமும் இல்லை, விடுவதாகவும் இல்லை.
அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.
கற்றுக்கொடுத்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குச் சீட்டு எழுதுவதில்லை.
கைமாற்றாகக் கொடுத்த வேலைக்கு நான்கு பக்கம்.
யாருக்கு, எத்தனை தடவை, எதுவரை,
எப்போது நிறுத்துவது, யாரைக் கூப்பிடுவது.
கடைசி வரி சிறிய எழுத்தில்:
ஒப்படைத்தவரின் பொறுப்பு ஒப்படைத்தவரிடமே.
அந்த வரிக்குக் கீழேதான் என் பேனா எப்போதும் தடுக்கும்.

செவ்வாய்க்கிழமை எழுதினேன்:
ஆர்ச் டிரிஃபிட், வயது எழுபத்தெட்டு.
இடுப்பு முறிவு, அறுவை முடிந்து எட்டாம் நாள்.
நடைச்சட்டத்துடன் பத்து மீட்டர், தினம் இரண்டு வேளை.
அதற்கு மேல் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, காணொளியில், எங்கள் மேற்பார்வை மணி.
மெரின் கேட்டாள்:
"பத்து மீட்டர் எங்கே முடிகிறது, தெரியுமா?"
தெரியாது. எனக்குப் பத்து என்றால் பத்துதான்.
"துணி அலமாரிக் கதவில்."

அங்கிருந்து மூன்றே மீட்டரில் ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே
புல் முளைக்காத கால்பந்து மைதானம், முழுக்கச் சரளை.
ஆர்ச் அதில் பதினான்கு பருவங்கள் ஆடியவர்.
முழங்கால் தோலுக்கடியில் இன்னும் ஒரு கல் இருக்கிறது,
வேண்டுமானால் தொட்டுப் பார் என்று
முதல் நாளே அவளிடம் காட்டியிருக்கிறார்.

வியாழன் காலை, பத்தாவது மீட்டரில்,
"போர்வைகளைப் பார்க்கவா என்னை நடத்துகிறீர்கள்?" என்றாராம்,
நான் குறிப்பேட்டில் ஏற்ற முடியாத இரண்டு சொற்களோடு.
மெரின் எனக்கு அழைத்திருக்கிறாள்.
நான் படுக்கைப் பற்றாக்குறைக் கூட்டத்தில் இருந்தேன்.
மறுபடியும் அழைத்திருக்கிறாள்.
போன் மேசையில் குப்புறக் கிடந்தது.

"நடத்திக் கூட்டிப் போனாயா?"
கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்து
மூன்று மீட்டரையும் தள்ளினேன்.
வழி முழுக்கத் திட்டினார்.
ஜன்னலில் வாயை மூடினார்."
கொஞ்சம் நிறுத்தி,
"அவரால் நடந்திருக்க முடியும்.
மூச்சு சீராக இருந்தது, குதிகால் தரையில் பட்டது.
தெரிந்துகொண்டேதான் தள்ளினேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

தேடினேன்.
'திறன்' என்றொரு கட்டம்: ஆம், இல்லை.
'சம்பவம்' என்றொரு கட்டம்.
சம்பவம் எதுவும் நடக்கவில்லை.
தாளின் ஓர வெள்ளையில் எழுதினேன்:
அவள் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

பிறகு, அந்தக் குதிகாலைப் பற்றிச் சொல் என்றேன்.
சொல்லவில்லை, எழுந்து நடந்து காட்டினாள்.
இல்லாத சட்டத்தை முன்னே நகர்த்தி,
ஆர்ச்சின் உதட்டுச் சுளிப்போடு ஓரடி, இன்னோரடி,
திரையைவிட்டே வெளியே போய்விட்டாள்.
காலி நாற்காலியைப் பார்த்து
நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தை அடித்துப் பதின்மூன்று ஆக்கினேன்.
'ஜன்னல்வரை' என்றும் சேர்த்தேன்.

சனிக்கிழமை ஆர்ச்
ஒன்பதாவது மீட்டரிலேயே உட்கார்ந்துவிட்டார்.
இந்த மழையில் எவன் ஆட வருவான் என்று.

ஒன்பது என்றுதான் எழுதியிருக்கிறாள் மெரின்.
ஒன்பதின் வால் கொஞ்சம் நீளம்,
கீழ்க்கோட்டைத் தாண்டி, அவள் எழுத்து.